உச்சியைக் குறிபார்த்தவள்

பெண் பார்க்க வந்தவர்களிடம் தன் வயதைத் தானே கூட்டிச் சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுடைய அண்ணா ஜாதகத்தில் இரண்டு வயதைக் குறைத்திருந்தார். மாட்டுங்காவில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் பரிமாறி முடிந்த பிறகு, பிள்ளையின் தாயார் பேச்சுவாக்கில், "இருபத்தாறுதானே ஆறது?" என்று கேட்டாராம். காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே, "இருபத்தெட்டு, மாமி" என்று இவள் சொன்னாளாம். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

மறுநாள் ரயிலில் அவள் இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டு வந்துட்டீய? பேசாம இருந்திருக்கலாம்லா?"

"கேட்டாளே, ஸ்டெல்லா. கேட்டா வேறென்ன சொல்றது?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. பின்னால் பயமாக இருந்ததும் அதுதான்.

அவளை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். பெயர் வேண்டாம், அவள் குடும்பத்தார் இன்னும் பம்பாயில் இருக்கிறார்கள். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் நாங்கள் இருவரும் டைப்பிஸ்டுகள். நான் தாராவியிலிருந்து நடந்துவந்து சயான் ஸ்டேஷனில் ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில் அவள் ஏறுவாள். பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண் அவள். நான் நாசரேத் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஆபீஸில் எங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கை. எங்களுக்கு அது ஞாபகத்துக்கே வராது.

ஒருமுறை துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் மழையில் நனைந்துவிட்டன. சேதத்தைப் பற்றிக் கம்பெனிக்குள்ளேயே போன கடிதத்தை அடித்தது அக்காதான். அடுத்த வாரமே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, பெட்டிகள் நல்ல நிலையில் இறக்கப்பட்டன என்று வெளியே அனுப்ப ஒரு கடிதம் சொன்னார். அக்கா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, "சார், நனைஞ்சுபோச்சுன்னு நாமளே எழுதியிருக்கோம்" என்றாள். "நான் சொல்றதை அடி" என்றார் அவர். அடித்தாள். ஆனால் கடிதத்தின் அடியில் டைப் அடித்தவரின் முதலெழுத்துகளைப் போடும் வழக்கம் உண்டு. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டாள். மேனேஜர் அதைக் கவனிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வு வரவில்லை.

சீனச் சண்டை முடிந்திருந்த சமயம். ஊரெல்லாம் ஒரே ஆவேசம். வளையல் கழற்றிக் கொடுத்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், முதலுதவி கற்றுக்கொண்டவர்கள் என்று ஆளுக்கொன்று செய்தார்கள். செம்பூர் தாண்டிக் குன்றுப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப் ஆரம்பித்தார்கள். பெண்களும் சேரலாம் என்று ஆபீஸ் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அக்கா சேர்ந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகாமல் துப்பாக்கி சுடப் போகிறேன் என்று என் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அங்கே இருந்தவை 'பாயிண்ட் டூ டூ' துப்பாக்கிகள். தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான். தோளில் பெரிய உதையும் இருக்காது. புடவையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் செருகிக்கொண்டு ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்துச் சுடவேண்டும். இருபத்தைந்து கஜத்தில் காகிதக் குறி. நான் சுட்டவை அந்தக் காகிதத்தைச் சுற்றியிருந்த மண்மேட்டுக்குத்தான் போயின. அக்கா முதல் மாதத்திலேயே ஐந்து குண்டுகளையும் ஒரு அரையணாக் காசுக்குள் அடக்கினாள். கிளப் செக்ரட்டரி ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு அந்தக் காகிதத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அக்காவின் முகம் சிவந்ததை அன்று ஒருநாள்தான் நான் பார்த்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். அவளுக்கு நிற்கத் தெரியாது. குண்டு ஏன் அங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். எங்கிருந்தோ பழைய ராணுவப் பாடப்புத்தகங்களை வாங்கிவந்து ரயிலில் படித்தாள். நான் மக்கு மாதிரி கேட்டேன்: "குறி பார்த்துச் சுடுதோம். குண்டு நேராப் போகுது. இதுல படிக்க என்னக்கா இருக்கு?"

"நேராப் போறதுன்னு யார் சொன்னா?"

அன்று சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். தோட்டக்காரன் ரப்பர்க் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"பாரு. குழாய் வாயை விட்டு வெளில வந்த உடனே தண்ணி கீழ இறங்க ஆரம்பிச்சாச்சு. கிட்ட இருக்கற செடின்னா தெரியாது. அந்தக் கடைசிச் செடிக்கு வேணும்னா அவன் என்ன பண்றான்?"

"குழாயத் தூக்குதான்."

"அவ்வளவுதான். குண்டும் அப்படித்தான். வேகமாப் போறதால நமக்குத் தெரியல. நம்ம கண்ணு பாக்கறது நேர்கோடு. குண்டு போறது வளைவு. ரெண்டும் இருபத்தஞ்சு கஜத்துல வந்து சேர்ற மாதிரி பின்குறிய, அதான் துப்பாக்கி மேல நம்ம கண்ணுக்குக் கிட்ட இருக்கற தகட்ட, திருகி வச்சிருக்கா. அதுக்குப் பேர் ஜீரோ பண்றது. அதே துப்பாக்கியத் திருகாம நூறு கஜத்துல சுட்டா, கிட்டத்தட்ட ஒரு அடி கீழ போய் விழும்."

"அப்ப நூறு கஜத்துல சுடணும்னா?"

"பின்குறியத் திருகி மறுபடியும் ஜீரோ பண்ணணும். இல்லையா, ஒரு அடி மேல பாத்துச் சுடணும். ஆனா எவ்வளவு மேலன்னு தெரிஞ்சிருக்கணும். தெரியாம மேல தூக்கினா அது போயிண்டே இருக்கும். தோட்டாப் பெட்டியிலயே எழுதியிருக்கே, ஒரு மைல் தூரத்துக்கு ஆபத்துன்னு. யாரும் படிக்கறதில்லை."

தோட்டக்காரன் எங்களைப் பார்த்து, செடி திருட வந்தவர்கள் என்று நினைத்தானோ என்னவோ, குழாயை எங்கள் பக்கம் திருப்பினான். இரண்டு பேரும் நனைந்து ஓடினோம்.

கிளப்பின் ஆண்டு விழா வந்தது. ஒரு பெரிய மில் முதலாளி தலைமை விருந்தாளி. கிளப்புக்குச் சொந்தக் கட்டடம் கட்டித்தரப் போகிறவர். இருபத்தைந்து கஜத்தில் சுட்டுக்காட்டினால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், நூறு கஜத்துக்கு மாற்றுவோம் என்று செக்ரட்டரி முடிவு செய்தார். மைதானத்தின் மறுகோடியில் அவசரமாக ஒரு மண்மேடு போட்டார்கள். மழைக்காலத்துக்குப் பிந்தைய ஈரமண், உயரமாக எழும்பவில்லை. விருந்தாளி உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவேண்டும் என்பதற்காகக் காகிதக் குறிகளை மேட்டின் மேல்பகுதியில் மாட்டினார்கள். குறியின் நடுவிலிருந்து மேட்டின் உச்சிக்கு ஒரு அடிதான் இருக்கும். மேட்டுக்குப் பின்னால் சரிவு. அங்கே எருமைத் தொழுவங்களுக்காகப் பெண்கள் புல் அறுப்பார்கள்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு அக்கா செக்ரட்டரியிடம் போனாள். நானும் பக்கத்தில் நின்றேன். எல்லாத் துப்பாக்கிகளையும் நூறு கஜத்துக்கு ஜீரோ செய்யவேண்டும், அல்லது குறிகளை மேட்டின் அடியில் மாட்டவேண்டும், பின்னால் ஆள் நடமாட்டத்தை நிறுத்தவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"இத்தனையும் செய்ய நேரமும் இல்லை, தோட்டாவும் இல்லை. நீங்கள் படுத்துச் சுடுங்கள், அம்மா. மைதானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவருக்கு அவள் சொன்னது தெரியாமல் இல்லை. இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆயுள் முழுக்க அதே வேலை பார்த்தவர்.

விழாவன்று நான் சுடவில்லை, தேநீர் மேசையில் நின்றேன். வரிசையில் ஐந்து பெண்கள் படுத்தார்கள். முதல் சுற்றில் அக்காவைத் தவிர எல்லோருடைய குண்டுகளும் குறிக்குக் கீழே மண்ணைக் கிளப்பின. அக்காவுக்கு மட்டும் மண் பறக்கவில்லை, காகிதத்தில் ஓட்டை விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த பெண் அழுகிற மாதிரி அவளைப் பார்த்தாள். "மேட்டு உச்சியப் பாத்து வை, தன்னால இறங்கிடும்" என்று அக்கா இந்தியில் சொன்னது எனக்குக்கூடக் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கும் இரண்டு ஓட்டை விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் விருந்தாளிக்கு ஆசை வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரும் படுத்தார். முதல் இரண்டும் மண்ணில். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செக்ரட்டரி குனிந்து, "கொஞ்சம் மேலே, சார். இன்னும் மேலே" என்றார். மூன்றாவது சுட்டார். மண் பறக்கவில்லை. காகிதத்திலும் ஒன்றுமில்லை.

அக்கா ஜமுக்காளத்திலிருந்து எழுந்துவிட்டாள். "எங்க போச்சு?" என்றாள் தமிழில், யாரிடமும் அல்லாமல். மேட்டுக்குப் பின்னாலிருந்து அலறல் கேட்டது.

சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண். பெயர் தாராபாய். வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே குண்டு பாய்ந்து நரம்பை அறுத்திருந்தது. உயிர் பிழைத்தாள். கை பிழைக்கவில்லை. கிளப்பிலேயே ஒரு டாக்டர் இருந்தார், அவருடைய நர்ஸிங் ஹோமுக்கே கொண்டுபோய்விட்டார்கள். போலீஸ் வந்தது, தேநீர் குடித்தது, கிளப்பின் விசாரணை முடிந்ததும் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போயிற்று.

விசாரணைக் கமிட்டியில் டாக்டர், ஒரு வக்கீல், ஒரு பாங்க் அதிகாரி. மூவரும் துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லாத கௌரவ உறுப்பினர்கள். விருந்தாளி சுட்டதைப் பற்றி யாருமே பேச்செடுக்கவில்லை. ஐந்து பெண்களையும் கூப்பிட்டு, எங்கே குறி பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அக்கா தவிர்த்த நால்வரில் மூவர் குறியின் நடுவை என்றார்கள். அது உண்மைதான். அதனால்தான் அவர்களுடையது மண்ணில் விழுந்தது. நான்காவது பெண், மேட்டின் உச்சியை என்றாள், அப்படிச் சொல்லிக்கொடுத்தது அக்கா என்றும் சொன்னாள். அதுவும் உண்மை.

அக்காவை வக்கீல் கேட்டார்: "நீங்கள் எங்கே குறி பார்த்தீர்கள்?"

"மேட்டின் உச்சியை."

"குறியை அல்ல?"

"அல்ல. குறியைப் பார்த்தால் குறியில் விழாது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அக்கா குண்டு இறங்குவதை விளக்கினாள். இருபத்தைந்து கஜம், நூறு கஜம், ஒரு அடி என்று சொன்னாள். காகிதம் கேட்டு வளைவை வரைந்து காட்டினாள். தன்னுடைய குண்டுகள் விழுந்த குறிக்காகிதத்தைக் கேட்டாள். எல்லாம் அன்றைக்கே குப்பையோடு போய்விட்டன என்றார்கள். விருந்தாளியின் மூன்றாவது குண்டு எங்கே என்று கேட்டாள். வக்கீல் அடுத்த காகிதத்தைப் புரட்டினாராம். செக்ரட்டரி அந்த அறையில்தான் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

உச்சியைக் குறிபார்த்துச் சுட்டதாக அவளே ஒப்புக்கொண்டாள் என்று எழுதி முடித்தார்கள். விபத்து, உள்நோக்கம் இல்லை, உறுப்பினர் நீக்கப்படுகிறார். விருந்தாளி சுட்டதை நான் பார்த்தேன் என்று நானாகவே போய்ச் சொன்னேன். சுடாதவர்களின் சாட்சி தேவையில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

"நடுவப் பாத்துதான் சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா" என்று ரயிலில் நான் அழுதேன்.

"நான் நடுவப் பாக்கலையே, ஸ்டெல்லா."

அவளுடைய அண்ணா வேறு மாதிரி அழுதார். "நாலு பேர் முன்னாடி தலை காட்ட முடியல. தெரியாம நடந்துடுத்துன்னு ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துடு, எல்லாம் அடங்கிடும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். "நான் பண்ணாததுக்கு எப்படிண்ணா?" என்றாள். அண்ணா ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளோடு பேசுவதை நிறுத்தினார். மன்னி சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளுக்குத் துப்பாக்கி மாமி என்று பெயர் விழுந்தது. கல்யாணப் பேச்சு அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் நானும் அவளும் நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். தாராபாயின் கணவன் அறை வாசலிலேயே மறித்தான். புத்தம்புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தான். கிளப்பில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்திருந்தார்கள். "நீதானே சுட்டவள்? எதற்கு வந்தாய்?" என்றான். அக்கா இந்தியில் அவனுக்கும் விளக்க ஆரம்பித்தாள். குண்டு வெளியே வந்ததும் இறங்கும் என்றாள். கையால் வளைவைக் காட்டினாள். கட்டிலிலிருந்து தாராபாய் அந்தக் கை மேலும் கீழும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு யார்?" என்று கேட்டாள் தாராபாய்.

அக்கா விருந்தாளியின் பெயரைச் சொன்னாள். கணவன் பதறி, "வாயை மூடு, வாயை மூடு" என்று எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

அவன் வேலை ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. கிளப் கட்டடம் எழும்பியது, திறப்பு விழா முடிந்தது, பேச்சு ஓய்ந்தது, அவனை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் அக்கா குடியிருந்த கட்டடத்தின் கேட்டில் வந்து நின்றார்கள். மன்னி மேலே வரவிடவில்லை. நாங்கள் கீழே இறங்கிப்போனோம்.

அவன் இப்போது பேசத் தயாராக இருந்தான். போலீஸிலோ பத்திரிகையிலோ சொல்லலாம். விருந்தாளி சுட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வான். அந்தப் பயத்தில் கிளப்காரர்கள் வேலையைத் திருப்பிக் கொடுப்பார்கள், தாராபாய்க்கும் ஏதாவது வழி செய்வார்கள். அக்காவின் பெயரும் சுத்தமாகும். அக்கா கூட வந்து நின்றால் போதும். ஆண்டவரே, வழி திறந்தீரே என்று நினைத்தேன்.

"அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?" என்று அக்கா அவனைக் கேட்டாள்.

"தொழுவத்தில்."

"அங்கிருந்து மைதானம் தெரியுமா?"

"தெரியாது. அதனால் என்ன, பாயி?" அந்த ஊரில் பெண்களை அம்மா என்பதுபோல அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்கள் சொல்வது நிஜம்தானே. நானும் அதையே சொல்கிறேன்."

"நீ பார்க்கவில்லை. பார்த்தேன் என்று நீ எப்படிச் சொல்லமுடியும்?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, உங்க கால்ல விழுதேன். நடந்ததத்தான சொல்லப் போறான். என்ன கெட்டுப்போச்சு?"

"அவன் பாக்கலை, ஸ்டெல்லா. அவன் பொய் சொன்னா, நான் சொன்னதும் பொய்யாயிடும்."

அவள் முகத்தில் கோபமோ வீம்போ இல்லை. அன்று பெண்பார்க்க வந்தவர்களிடம் வயதைச் சொன்னபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு முதல்முறையாக அந்த முகத்தில் அறையவேண்டும்போல் இருந்தது.

கணவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். தாராபாய் உடனே போகவில்லை. முந்தானையைச் சரிசெய்ய இடது கையால் தடுமாறினாள். செயலற்ற வலது கை பக்கத்தில் தொங்கியது. நான் உதவப்போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். முந்தானையை ஒருவழியாகத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"உனக்கு ரெண்டு கையும் இருக்கு, பாயி" என்றாள்.

திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் புருஷன் போன வழியே ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். மேலேயிருந்து மன்னி சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் அக்காவைக் கேட்டிலேயே விட்டுவிட்டுத் தாராவிக்கு நடந்தேன். அடுத்த நாளிலிருந்து ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன்.